மொய் நோட்டை வைத்துச் சமூகவியல் படிக்கலாம்

பொறியியல் முடித்துவிட்டுக் குடிமைப் பணித் தேர்வுக்குச் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுத்திருக்கிறீர்கள். தகுநிலை, பங்கு, நெறிமுறை, விழுமியம், நிறுவனம், குழு என்று முதல் அலகிலேயே முப்பது சொற்கள் வந்துவிடுகின்றன. படிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கிறது, விடை எழுத உட்கார்ந்தால் ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது, எங்கிருந்து பிடிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பதினெட்டு வருஷமாக முதலாண்டு மாணவர்களுக்கு இந்தப் பாடத்தை நடத்துகிறேன். வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் இதே குழப்பம்தான். இயற்பியலில் 'என்ட்ரோப்பி' என்று வந்தால் இது புதுச் சொல் என்று மனசு உஷாராகிவிடும். இங்கே 'அந்தஸ்து' என்று வரும், அது பிறந்ததிலிருந்து கேட்ட சொல். தெரிந்ததுதானே என்று தாண்டிப் போவோம். அங்கேதான் வழுக்குகிறது. அதனால் வரையறைகளை மனப்பாடம் செய்வதற்கு முன்னால், உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஒரே ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு எல்லாச் சொல்லையும் அதில் வைத்துப் பாருங்கள். நான் வகுப்பில் எடுத்துக்கொள்வது கல்யாண மண்டபத்து மொய் மேசை.

பந்திக்குப் போகிற வழியில் அந்த மேசை இருக்கும். நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய நீள நோட்டு, முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, பக்கத்தில் தாம்பாளம், பணம் போட ஒரு பை. ஒருவர் எண்ணி வாங்குவார், ஒருவர் எழுதுவார். இரண்டு பேரும் வீட்டுக்கு நம்பிக்கையானவர்கள். "எந்த ஊருங்க? பேரு?" என்று கேட்டு, முதலில் ஊர், அப்புறம் இனிஷியல், பெயர், தொகை. ஐந்நூறு ரூபாய்த் தாளோடு வந்தவர், கூட வைக்க ஒரு ரூபாய் நாணயத்தைச் சட்டைப் பையில் துழாவிக்கொண்டிருப்பார். கிடைக்காவிட்டால் பின்னால் நிற்பவரிடம் வாங்குவார்.

அந்த ஒரு ரூபாயிலிருந்து தொடங்கலாம். வெறும் 500 கொடுத்தால் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. எந்தச் சட்டமும் அதைச் சொல்லவில்லை. இருந்தும் கை தானாகத் துழாவுகிறது. அந்தப் பழக்கம் அவர் பிறப்பதற்கு முன்பே இருந்தது, அவருக்குப் பின்னாலும் இருக்கும். தனிமனிதருக்கு வெளியே இருந்துகொண்டு அவர் மேல் ஓர் அழுத்தத்தைச் செலுத்துகிற இப்படிப்பட்ட நடத்தை, எண்ணம், உணர்வு முறைகளைத்தான் பிரெஞ்சுச் சமூகவியலாளர் எமில் துர்கைம் 1895இல் 'சமூக உண்மை' என்று அழைத்தார். இந்தத் துறைக்கு 1830களின் கடைசியிலேயே ஆகஸ்ட் காம்ட் பெயர் வைத்துவிட்டார். ஆனால் எதை ஆராய வேண்டும் என்று கோடு போட்டுக் காட்டியவர் துர்கைம்தான் என்பது என் கருத்து. இரண்டே வருஷத்தில், 1897இல், தற்கொலையை எடுத்துக்கொண்டு அதைச் செய்துகாட்டினார். முழுக்க முழுக்கத் தனிமனித விஷயம் என்று எல்லோரும் நினைக்கிற ஒன்றின் விகிதம், கத்தோலிக்கர்களிடம் ஒரு மாதிரியும் புராட்டஸ்டன்டுகளிடம் இன்னொரு மாதிரியும், மணமானவர்களிடம் ஒரு மாதிரியும் ஆகாதவர்களிடம் இன்னொரு மாதிரியும் இருப்பதைக் காட்டி, இந்த வேறுபாட்டைத் தனி மனங்களை மட்டும் வைத்து விளக்க முடியாது என்றார். சமூகவியலின் மையமே இதுதான். மற்றச் சொற்கள் எல்லாம் இந்த அழுத்தம் எந்த வழியாக வருகிறது என்று பிரித்துப் பார்ப்பதற்கான கருவிகள்.

இனி தகுநிலை (ஸ்டேட்டஸ்), பங்கு (ரோல்). பேச்சுத் தமிழில் 'அந்தஸ்து உள்ளவர்' என்றால் பெரிய மனிதர். சமூகவியலில் அப்படி இல்லை. மண்டபத்தில் இலை எடுக்கிறவருக்கும் ஒரு தகுநிலை உண்டு. உறவுகளின் வலையில் ஒருவர் இருக்கிற இடம், அவ்வளவுதான். அந்த இடத்தோடு சில உரிமைகளும் கடமைகளும் ஒட்டிக்கொண்டு வரும். அவற்றை ஆள் நடத்திக்காட்டுவது பங்கு. தாய்மாமன் என்பது தகுநிலை. தட்டு வரிசையோடு மேளம் முழங்க வந்து இறங்குவது பங்கு. அமெரிக்க மானுடவியலாளர் ரால்ஃப் லின்டன் 1936இல் இந்த இரண்டையும் பிரித்ததோடு, பிறப்பால் வருகிற தகுநிலை வேறு, முயன்று அடைகிற தகுநிலை வேறு என்றும் பிரித்தார். தாய்மாமன் முதல் வகை. அக்காவுக்குக் குழந்தை பிறந்த நிமிஷமே ஆகிவிடுவார், அவர் சம்மதத்தை யாரும் கேட்பதில்லை. வங்கி மேலாளர் இரண்டாம் வகை.

பங்கு மோதல், பங்கு நெருக்கடி என்ற இரண்டையும் மாணவர்கள் மாற்றி எழுதிவிடுகிறார்கள். பெண்ணின் அப்பா வாசலில் நின்று வருகிறவர்களைக் கைகூப்பி வரவேற்கவும் வேண்டும், அதே நேரம் மேடையில் சடங்குக்கு உட்காரவும் வேண்டும். ஒரே பங்குக்குள்ளேயே இழுபறி, இது நெருக்கடி. அதே மனிதர் காவல் ஆய்வாளராக இருந்து அன்றைக்குப் பார்த்து பந்தோபஸ்து வந்துவிட்டால், இரண்டு வெவ்வேறு தகுநிலைகளின் பங்குகள் மோதுகின்றன. இது மோதல்.

ஒரு எச்சரிக்கை. இதே 'ஸ்டேட்டஸ்' என்ற ஆங்கிலச் சொல் ஜெர்மானியச் சமூகவியலாளர் மாக்ஸ் வேபரைப் படிக்கும்போது திரும்ப வரும், ஆனால் அங்கே பொருள் வேறு. வர்க்கம், தகுநிலைக் குழு, கட்சி என்று வேபர் மூன்றாகப் பிரிக்கிறார். அவர் சொல்வது சமூக மதிப்பைப் பற்றி, வாழ்க்கை முறையால் வருகிற மரியாதையைப் பற்றி. லின்டனுடையது வெறும் இடம். இரண்டையும் ஒரே விடையில் கலந்தால் மதிப்பெண் போய்விடும். வேபரிடம் வரும்போது 'சமூக மதிப்பு' என்றே மனசுக்குள் மொழிபெயர்த்துக்கொள்ளுங்கள்.

விழுமியம், நெறிமுறை. 'உறவைக் கைவிடக் கூடாது' என்பது விழுமியம், பொதுவான ஒரு நன்மை. 'வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யும்போது கொஞ்சம் கூட்டிச் செய்' என்பது நெறிமுறை, இன்ன இடத்தில் இன்னபடி நட என்கிற கட்டளை. நெறிமுறைகளிலும் கனம் குறைந்தது, கூடியது உண்டு. ஒரு ரூபாயை மறந்தால் சிரித்துவிட்டு விடுவார்கள். வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்யாவிட்டால் ஊர் பேசும். அமெரிக்கச் சமூகவியலாளர் சம்னர் 1906இல் முதலாவதை வழக்கங்கள் என்றும், ஒழுக்கத்தோடு சேர்த்துப் பார்க்கப்படுகிற கனமான வகையை 'மோரேஸ்' என்றும் பிரித்தார். தமிழ்ப் பாடநூல்களில் இரண்டாவதை 'வழக்கடிபாடு', 'ஒழுக்க மரபு' என்று பல மாதிரி எழுதுகிறார்கள். எதை எழுதினாலும் முதலிலிருந்து கடைசிவரை ஒன்றையே எழுதுங்கள்.

நெறிமுறையைக் காப்பாற்றுகிற வெகுமதியும் தண்டனையும் சேர்ந்ததுதான் 'சாங்ஷன்'. தண்டனை என்று மட்டும் மொழிபெயர்த்துவிட்டால் பாதிப் பொருள் காணாமல் போகும். தாய்மாமன் செய்த சீரை மைக்கில் அறிவிப்பதும் அதுதான். "அவன் செய்யாம விட்டவன்" என்று பத்து வருஷம் கழித்தும் சொல்லிக்காட்டுவதும் அதுதான்.

கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பிக் கொடுப்பது என்ற மூன்றுமே கடமைகள், பரிசு என்பது இலவசமே இல்லை என்று 1925இல் எழுதியவர் மார்செல் மோஸ். பசிபிக் தீவுகளையும் வட அமெரிக்கப் பழங்குடிகளையும் வைத்து எழுதினார். நமக்கு அது மொய் நோட்டிலேயே தெரிகிறது. அப்புறம், துர்கைம் மோஸுக்குத் தாய்மாமன். அக்கா மகனுக்குத் தானே பாடம் சொல்லிக்கொடுத்து ஆளாக்கினார். இதை வகுப்பில் சொன்னால் அந்த இரண்டு பெயரையும் யாரும் மறப்பதில்லை.

இப்போது நிறுவனம். தமிழில் நிறுவனம் என்றதும் கம்பெனி நினைவுக்கு வருவதால் நிறையப் பேர் இங்கே தடுமாறுகிறார்கள். சமூக நிறுவனம் என்பது கட்டடமோ அலுவலகமோ இல்லை. ஒரு தேவையைச் சுற்றித் தலைமுறை தலைமுறையாக உறைந்துபோன தகுநிலைகள், பங்குகள், நெறிமுறைகளின் தொகுப்பு. திருமணம் நிறுவனம், கல்யாண மண்டபம் நிறுவனம் இல்லை. குடும்பம், மதம், கல்வி, அரசு, பொருளாதாரம் எல்லாம் இப்படித்தான்.

மொய்யே ஒரு நிறுவனமாக நிமிர்ந்து நிற்பதைப் பார்க்க வேண்டுமானால் பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கம் ஆடி மாதம் போக வேண்டும். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் அந்த எல்லைப் பகுதியில் மொய் விருந்து நடக்கும். கல்யாணம், காதுகுத்து எதுவும் தேவையில்லை. பணம் திரட்டுவதற்கே விருந்து. பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கறிச் சோறு போடுவார்கள். பல குடும்பங்கள் சேர்ந்து செலவைப் பகிர்ந்துகொண்டு ஒரே பந்தலில் நடத்துவதும் உண்டு. ஒரு குடும்பம் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடத்தும், நடுவில் மற்றவர்களுக்குத் திருப்பிச் செய்துகொண்டே வரும். லட்சங்கள் புரள்கின்றன. பத்திரமோ பிணையோ கிடையாது. நோட்டில் இருக்கிற எழுத்தும் ஊர்ப் பேச்சும்தான் பிணை.

2018 நவம்பரில் கஜா புயல் அந்தப் பகுதியின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போனது. தென்னை விழுந்தால் வருமானம் விழும், வருமானம் விழுந்தால் மொய் விழும். பல வருஷமாகச் செய்துவிட்டுத் தன் முறைக்குக் காத்திருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசியுங்கள். ஒரு நிறுவனம் இன்னொரு நிறுவனத்தின் மேல் சாய்ந்து நிற்கிறது என்று பாடநூல் ஒரே வரியில் சொல்வது இதைத்தான்.

மொய் விருந்தின் வெளிப்படையான பயன், வட்டியில்லாமல் முதல் கிடைப்பது. ஆனால் அங்கே போகிறவர்கள் பேசுவதைக் கேட்டால் பெண் பார்ப்பது, நிலத் தகராறு பேசித் தீர்ப்பது, யார் யாரோடு இருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரிவது, எல்லாம் நடக்கும். யாரும் திட்டமிடாமல் கூடவே விளைகிற இந்தப் பயனை ராபர்ட் மெர்ட்டன் மறைநிலைச் செயற்பாடு என்றார். முன்னது வெளிப்படைச் செயற்பாடு.

மூன்று கோட்பாட்டுப் பார்வைகளும் இங்கிருந்தே வருகின்றன. செயற்பாட்டியல் கேட்கும்: மொய் எதைக் கட்டிக் காக்கிறது? மோதல் கோட்பாடு கேட்கும்: யாருக்கு லாபம்? நிறையச் செய்ய முடிந்தவருக்கு நிறையத் திரும்பி வரும். தினக்கூலிக்குப் போகிறவர் ஐந்நூறு எழுதுவதற்காக வட்டிக்கு வாங்கி வருவார். குறியீட்டு ஊடாட்டவாதம் கேட்கும்: மேசை முன்னால் நிற்கிற அந்த அரை நிமிஷத்தில் இருவரும் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொள்கிறார்கள்? தொகையைச் சத்தமாகப் படிப்பதா, மெதுவாகவா? எந்தப் பார்வை சரி என்று மாணவர்கள் கேட்பார்கள். என் பதில்: மூன்றும் மூன்று கேள்விகள். ஆனால் நம் நாட்டில் இரண்டாவது கேள்வியைக் கேட்காமல் எழுதப்படுகிற சமூகவியலை என்னால் ஏற்க முடியவில்லை.

ஏன் என்றால், அந்த நோட்டில் யார் பெயர் இல்லை என்று பாருங்கள். சாதி அடுக்கமைவு அங்கேதான் தெரியும். அடுக்கமைவு என்பது தனி ஆட்களுக்கு இடையே இருக்கிற ஏற்றத்தாழ்வு இல்லை, மொத்தக் கூட்டங்களையே மேல் கீழாக அடுக்கி, அதைப் பிள்ளைகளுக்கும் கடத்திவிடுகிற ஏற்பாடு. வர்க்கத்தில் கொஞ்சமாவது ஏறி இறங்க முடியும் என்கிறோம். அதைச் சமூக நகர்வு என்கிறோம். சாதியில் கதவு சாத்தியிருக்கிறது. எப்படிச் சாத்தினார்கள் என்று மிகத் துல்லியமாகச் சொன்னவர் அம்பேத்கர். 1916 மே மாதம் நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு கருத்தரங்கில் கட்டுரை படித்தார். வயது 25. சாதி என்பது மூடிக்கொண்ட வர்க்கம், அதன் பூட்டு அகமணம் என்றார். சொந்தச் சாதிக்குள்ளேயே மணம் என்ற விதியைக் காப்பாற்றத்தான் உடன்கட்டையும், கட்டாய விதவைக் கோலமும், குழந்தை மணமும் தேவைப்பட்டன என்று ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அகமணம் என்பதை ஒரு வரி வரையறையாகப் படிக்காதீர்கள். அந்தக் கட்டுரையைத் தேடிப் படியுங்கள். முதல் அலகில் நீங்கள் படிக்கப்போவதில் எனக்கு இதற்கு இணையாக வேறொன்று இல்லை.

இந்த இடத்தில் தமிழே ஒரு சிக்கல் தருகிறது. 'சொசைட்டி'க்கும் 'கம்யூனிட்டி'க்கும் சமூகம், சமுதாயம் என்று மாற்றி மாற்றி எழுதுகிறோம். போதாததற்கு நம் ஊரில் "நீங்க எந்தச் சமூகம்?" என்றால் அது சாதியைக் கேட்பது. கம்யூனிட்டி சர்டிபிகேட் என்றால் சாதிச் சான்றிதழ். பாடத்தில் கம்யூனிட்டி என்பது ஒரு வட்டாரத்தில் 'நாம்' என்ற உணர்வோடு வாழ்கிற கூட்டம். ஜெர்மானியச் சமூகவியலாளர் டோனிஸ் 1887இல் முகமறிந்து வாழ்கிற கூட்டு வாழ்வையும், ஒப்பந்தத்தால் இயங்குகிற நகர வாழ்வையும் எதிரெதிராக வைத்தார். 'சாதி' என்று சொல்லக் கூச்சப்பட்டுச் 'சமூகம்' என்று சொல்கிற வழக்கமே ஆய்வு செய்ய வேண்டிய ஒரு சமூக உண்மை.

குழு எது, குழு இல்லாதது எது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பந்தியில் தற்செயலாகப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் திரள். மாநிலத்தில் இருக்கிற சர்க்கரை நோயாளிகள் எல்லோரும் ஒரு வகையினர். சமையல்கட்டில் நான்கு நாளாகச் சேர்ந்து வேலை செய்கிற ஆட்கள் குழு. ஒருவரையொருவர் எதிர்பார்த்து நடப்பது இருந்தால் குழு, இல்லாவிட்டால் இல்லை. குடும்பம், நெருங்கிய கூட்டாளிகள் மாதிரி முகத்தோடு முகம் பழகி நம்மை ஆளாக்குகிறவற்றை, சார்லஸ் கூலி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1909இல் முதன்மைக் குழு என்றார்.

அந்த ஆளாக்குதல்தான் சமூகமயமாதல். நாலு வயதுப் பிள்ளையை மண்டபத்தில் கூட்டிக்கொண்டு போய் "இது உனக்கு அத்தை, இவங்க சித்தி, இவன் உனக்கு மாமா முறை" என்று சொல்லிக்கொடுக்கிறோமே, அதற்குள் எவ்வளவு இருக்கிறது தெரியுமா? ஆங்கிலத்தில் 'கசின்' என்று ஒரே சொல். நமக்குச் சித்தப்பா மகன் அண்ணன் தம்பி, மாமா மகன் கட்டிக்கொள்ளும் முறை. யாரை மணக்கலாம், யாரை மணக்கக் கூடாது என்பது சொல்லிலேயே எழுதியிருக்கிறது. மார்கன் என்ற அமெரிக்கர் 1871இல், தன் நாட்டு இரோகுவா பழங்குடியின் உறவுச் சொற்களும் தமிழ் உறவுச் சொற்களும் ஒரே மாதிரி அமைந்திருப்பதை எடுத்துக்காட்டினார். மதுரைக்கு மேற்கே பிரமலைக் கள்ளர்களிடையே ஆய்வு செய்த பிரெஞ்சு மானுடவியலாளர் லூயி துய்மோன், தாய்மாமனை அம்மாவின் தம்பி என்று பார்ப்பதைவிட அப்பாவின் மச்சான் என்று பார்த்தால்தான் இந்த உறவுமுறையும் சீரும் விளங்கும் என்றார். எனக்கு இது புரிந்த அன்றைக்குத்தான் எங்கள் வீட்டுக் கல்யாணங்களே புரிந்தன.

பாலினத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இருபது வயதில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்தில் என்னை எழுத உட்கார்த்தினார்கள். ஓர் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்து ஐம்பத்தோரு ரூபாய் வைத்தார். "வீட்டுக்காரர் பேரு சொல்லுங்க" என்றேன். "அவரு போயி ஒன்பது வருசம் ஆச்சு. இது நான் களையெடுத்த காசு. எம்பேரையே எழுதுப்பா" என்றார். எழுதினேன். பக்கத்தில் எண்ணிக்கொண்டிருந்த பெரியவர் "மகன் பேரைப் போடு, அதான் முறை" என்றார். அந்த அம்மா நகரவில்லை. நான் எழுதிய பெயரை அடித்து மாற்றவில்லை. ஆண் பெண் என்பது உடற்கூறு, ஆனால் யார் உழைத்தாலும் ஏட்டில் யார் பெயர் ஏறும் என்பது சமூகம் தீர்மானித்தது. பால், பாலினம் என்று வகுப்பில் பிரித்துச் சொல்லும்போதெல்லாம் அந்தப் பக்கம்தான் என் கண் முன்னால் வருகிறது.

மாற்றமும் அதே நோட்டில் பதிவாகும். பழைய நோட்டுகள் வீட்டில் இருந்தால் எடுத்துப் பாருங்கள், பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் நிறைய இருக்கும். வர வர இனிஷியலும் ஊரும் மட்டுமே. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பட்டத்தை விடச் சொன்னது. அதன் பிறகு வந்த தலைமுறைகள் பெயரளவில் விட்டன, அகமணத்தை விடவில்லை. ஒரு சமூக இயக்கம் எதை மாற்ற முடிந்தது, எது அசைய மறுத்தது என்று இரண்டையும் சேர்த்தே எழுதுங்கள். தொழில்நுட்பம் முன்னால் ஓட, வழக்கம் பின்தங்கி நிற்பதை அமெரிக்கச் சமூகவியலாளர் ஆக்பர்ன் 1922இல் பண்பாட்டுப் பின்னடைவு என்றார். மதுரைப் பக்கம் இப்போது கம்ப்யூட்டர் மொய் வந்துவிட்டது, அச்சடித்த ரசீது கையில் தருகிறார்கள். மேடையிலேயே கியூஆர் கோடு ஒட்டுகிறார்கள். ஆனால் போனில் அனுப்பிவிட்டுப் பேசாமல் சாப்பிடப் போகிறவரை இன்னும் நான் பார்க்கவில்லை. மேசைக்கு வந்து, "அனுப்பிட்டேன், நோட்டுல எழுதிக்கங்க" என்று சொல்லி, எழுதுகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் போகிறார்.

சரி, படிக்கிற முறை. ஒரு நோட்டில் பக்கத்துக்கு ஒரு சொல் போடுங்கள். மேலே உங்கள் சொந்த வாக்கியத்தில் வரையறை, அதன் கீழே அதைச் சொன்னவர், வருஷம், அதன் கீழே நீங்களே பார்த்த ஓர் உதாரணம். கடைசியாக, எந்தச் சொல்லோடு இது குழம்பும், எங்கே வேறுபடும் என்று இரண்டு வரி. அந்த இரண்டு வரிதான் தேர்வில் கைகொடுக்கும். ஒரு நாளைக்கு இரண்டு சொல்லுக்கு மேல் வேண்டாம்.

அடுத்த முகூர்த்தத்துக்கு எங்கேயாவது போவீர்கள். சாப்பிட்டதும் கிளம்பிவிடாமல், எழுதுகிறவருக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் உட்காருங்கள். முதல் பெயராக யாரை எழுதினார்கள், பெண்கள் யார் பெயரில் கொடுக்கிறார்கள், எந்தத் தெருக்காரர்கள் வரவே இல்லை என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். குறித்ததை எனக்கு அனுப்பினால், எது எந்தச் சொல்லுக்குக் கீழே வரும் என்று உட்கார்ந்து பேசலாம்.